மணிக்கூடு பொய் சொல்லுமா?

கண்டி மத்திய சந்தைக்கு அருகே, 1950 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரத்தை அறியாதார் நம் நேயர்களுள் இரார். பஸ்ஸுக்கு விரைவோரும், பாடசாலைக்குச் செல்லும் சிறாரும், மரக்கறி மூட்டையோடு வரும் தோட்டக்காரரும் ஒருமுறை அதனை அண்ணாந்து பார்த்துவிட்டே நடையைத் தொடர்வர். அதன் முட்கள் காட்டுவதே நேரம் என்பது நம் எல்லோரதும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் ஒரு கலியாணமே நின்றுபோகும் நிலை வந்தது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

கண்டிக்கு அணித்தான ஊரொன்றிலிருந்து, கணினிக் கல்வி பயிலும் மாணவி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தமையனார் 1998 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, காலை 6 மணி 15 நிமிடத்துக்குக் கண்டியிற் பிறந்தவர். பிறந்த மாதத்திலேயே குருக்கள் ஐயா ஒருவர் கையாற் கணித்த சாதகம் வீட்டிலே பத்திரமாக இருக்கிறது. இப்போது தமிழ்நாட்டிலே ஓர் இடத்திற் பெண் பேசினார்கள். பெண் வீட்டார், தாம் நம்பும் கணினிச் செய்நிரல் ஒன்றிற் பிறந்த நாளையும் நேரத்தையும் ஊரையும் கொடுத்துத் தாமும் ஒரு சாதகம் எடுத்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை. இலக்கினம் ஒன்றே, ஆனால் நவாம்சம் வேறு. அதுமட்டுமா? குருக்கள் ஐயாவின் சாதகம் பிறந்த கிழமை வியாழன் என்கிறது. கணினி வெள்ளி என்கிறது. "சாதகத்தைத் திருத்திவிட்டார்களோ?" என்று பெண்ணின் மாமியார் ஒருவர் கேட்டுவிட்டாராம். பேச்சு அத்தோடு நிற்கிறது.

"ஐயா, குருக்கள் பிழைவிட்டாரா, கணினி பிழைவிட்டதா? நான் இப்போது ஹஸ்கெல் என்னும் நிரல்மொழியைக் கற்கிறேன். அதிலே நாளுக்கும் நேரத்துக்கும் பல வகைகளை வைத்து மாணவரை அலைக்கழிக்கிறார்கள். ஒரே நேரத்துக்கு இத்தனை வகைகள் எதற்கு?" என்பது அவர் வினா.

இரண்டு வினாக்களைக் கேட்டதாக அவர் நினைத்திருக்கிறார். உண்மையில் அவர் கேட்டது ஒரே வினாதான். இரண்டாவதற்கு விடை கிடைத்தால் முதலாவதற்கும் கிடைத்துவிடும்.

மகாவலியும் மணிக்கூடும்

முதலில் நம் நாட்டு மணிக்கூட்டின் கதையைச் சற்றே நினைவுகூர்வோம். 1906 ஆம் ஆண்டு முதல் இலங்கை, கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்தைக் கைக்கொண்டு வந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942 ஆம் ஆண்டு சனவரியில் மணிக்கூடு அரை மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணித்தியாலம் தள்ளப்பட்டது. 1945 ஒக்டோபரிற் பழைய ஐந்தரைக்கே மீண்டோம். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் மணிக்கூட்டை எவரும் தொடவில்லை.

1996 ஆம் ஆண்டு மழை பொய்த்தது. அக்காலத்தில் நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரிலிருந்து பிறந்தது. கண்டியைச் சுற்றி ஓடும் மகாவலியின் மேலே பொல்கொல்லையிலும் விக்டோரியாவிலும் கட்டிய அணைகளும், மலைநாட்டின் பிற நீர்த்தேக்கங்களும் வற்றின. மின்வெட்டு நாடெங்கும் நீண்டது. மாலை வெளிச்சத்தை மிச்சப்படுத்தி விளக்கெரியும் நேரத்தைக் குறைக்கலாம் என்று கருதி, அவ்வாண்டு மே 25 ஆந் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். நாம் ஆறரை மணி நேரத்துக்கு வந்தோம். ஒக்டோபர் 26 ஆந் திகதி அரை மணித்தியாலம் பின்வாங்கி ஆறு மணி நேரத்தில் நின்றோம். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 2006 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்த மறுநாளாகிய ஏப்ரில் 15 ஆந் திகதிதான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம்.

ஆகவே கண்டியில் 1998 இற் கண்ட "காலை 6.15", கிரீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்திய 6.15. அதே கணத்தில் சென்னையில் மணி 5.45. இந்த அரை மணித்தியாலத்திலேதான் மாணவியின் வீட்டுக் கலக்கம் முழுவதும் ஒளிந்திருக்கிறது.

சூரியனோ இந்தச் சட்டங்களையெல்லாம் அறியான். ஐந்தரை மணி நேரம் என்பது கிழக்கு நெடுங்கோடு 82 பாகை 30 கலைக்கு உரியது. கண்டி ஏறத்தாழ 80 பாகை 38 கலையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கின்படி, இன்றைய மணிக்கூடே கண்டியின் சராசரிச் சூரிய நேரத்துக்கு ஏழரை நிமிடம் முந்தி ஓடுகிறது. மணிக்கூடு காட்டுவது சூரியனையன்று, ஊரார் ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாட்டையே என்பது இதனால் விளங்கும்.

மூத்தவன் யார்?

இனி ஒரு வேடிக்கையைப் பார்ப்போம். 1996 ஒக்டோபர் 26 ஆந் திகதி நள்ளிரவு கழிந்து 12.30 ஆனதும், மணிக்கூட்டை மறுபடி 12.00 ஆக்கினார்கள். அவ்விரவில் ஒரு தாய்க்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஆண்மகவு 12.25 க்குப் பிறந்தது. சரியாகப் பத்து நிமிடம் கழித்து இரண்டாவதும் பிறந்தது. அப்போது சுவரிலே மணி என்ன? 12.05! தாதி இரண்டையும் ஒழுங்காகவே குறித்துக்கொண்டாள். பின்னொருநாள் அந்தக் குறிப்பை மட்டும் பார்க்கும் ஒருவர், 12.05 க்குப் பிறந்தவனே இருபது நிமிடம் மூத்தவன் என்று தீர்ப்புச் சொல்வார். நம் குடும்பங்களில் மூத்தவன் யார் என்பது விளையாட்டு விஷயமா? கலியாண ஒழுங்கு முதற்கொண்டு கொள்ளி வைப்பது வரையில் அதைப் பொறுத்தல்லவா நடக்கிறது?

இதற்கு மறுதலையான வேடிக்கையும் உண்டு. அதே ஆண்டு மே 25 ஆந் திகதி நள்ளிரவு 12.00 அடித்ததும் மணிக்கூட்டை 1.00 க்குத் தள்ளினார்கள். அன்று அதிகாலை 12.30 என்று ஒரு நேரம் நம் நாட்டில் இருக்கவேயில்லை. அந்த நேரத்துக்குப் பிறந்ததாக ஒரு குறிப்பு இருக்குமானால், எழுதியவர் தம் கைக்கடிகாரத்தை இன்னும் மாற்றவில்லை என்பதே பொருள்.

இவற்றிலிருந்து ஓர் உண்மையைப் பெறலாம். நாம் பொதுவாக "நேரம்" என்று சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று கணம், உலகத்துக்கெல்லாம் பொதுவானது, ஒருமுறையே வருவது, குழந்தையின் முதல் அழுகையைப் போன்றது. மற்றொன்று நாள், நாட்காட்டித் தாளிலே கிழிபடுவது. மூன்றாவது மணிக்கூட்டு நேரம். ஓர் ஊரிலே, ஒரு காலத்துச் சட்டப்படி, முட்கள் காட்டும் இலக்கம். இரட்டையரின் கணங்கள் இரண்டும் முறைப்படியே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முறை தவறியது மணிக்கூட்டு இலக்கம் மாத்திரமே.

சார்பு மொழி என்பது யாது?

இப்போது மாணவியின் ஹஸ்கெலுக்கு வருவோம். ஹஸ்கெல் கரி (1900–1982) என்னும் அமெரிக்கத் தருக்கவியலாரின் பெயரைத் தாங்கிய இம்மொழியின் முதல் வரையறை 1990 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதனைச் சார்பு மொழிகளுள் ஒன்று என்பர். பாடசாலைக் கணிதத்திலே சார்பு என்று படித்திருக்கிறோம். 3 ஐக் கொடுத்தால் 9 ஐத் தரும் சார்பு, இன்று கொடுத்தாலும் நாளை கொடுத்தாலும், கண்டியிற் கொடுத்தாலும் கனடாவிற் கொடுத்தாலும் 9 ஐயே தரும். கொடுத்த 3 உம் மாறாமல் அப்படியே இருக்கும். இத்தகைய சார்புகளைக் கோத்துக் கோத்தே செய்நிரல் முழுவதையும் எழுதுவது இம்மொழியின் நெறி.

இந்த நெறி நாட்கணக்குக்கு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். சில பழைய நிரல்மொழிகளில், ஒரு திகதியை ஒரு பெட்டியிலே வைத்து, "இதனோடு 30 நாளைக் கூட்டு" என்றால், பெட்டிக்குள் இருந்த திகதியே மாறிவிடும். அதே பெட்டியைச் செய்நிரலின் வேறொரு பகுதி பிறந்த நாள் என்று நம்பிக்கொண்டிருந்தால், மனிதனின் பிறந்த நாளே மாறிப்போகும்! ஹஸ்கெலிலே ஒரு நாள் என்பது 3 என்னும் எண்ணைப் போன்ற மாறாப் பெறுமானம். 30 நாளைக் கூட்டினால் வேறொரு நாள் பிறக்கும். பழைய நாள் பழைய நாளாகவே இருக்கும். உலக வழக்கும் அதுதானே?

நாளுக்குரிய வகையை அம்மொழியில் "டே" என்பர். அதன் உள்ளே இருப்பது ஆண்டும் மாதமும் அல்ல, ஒரேயொரு முழுவெண். 1858 ஆம் ஆண்டு நவம்பர் 17 ஆந் திகதியைப் பூச்சியமாக வைத்து, அன்று முதல் எண்ணிவந்த நாட்களின் தொகையே அது. அதற்கு முந்திய நாட்களுக்கு மறை எண். கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆந் திகதி, மறை 15,966. நாடு சுதந்திரம் பெற்ற 1948 பெப்ருவரி 4 ஆந் திகதி, 32,585. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 48,551 நாட்கள். நெட்டாண்டு எத்தனை, எந்த மாதத்துக்கு முப்பத்தொன்று என்று விரல்விட வேண்டியதில்லை. பூச்சிய நாள் ஒரு புதன்கிழமை. 32,585 ஐ ஏழால் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே சுதந்திர தினமும் புதன்கிழமை. எத்துணை எளிது!

இது மேனாட்டார் புதிதாகக் கண்ட வித்தை என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. நம் பஞ்சாங்கக் கணிதர்கள் பன்னூற்றாண்டுகளாகச் செய்துவந்த முதல் வேலையே இது. கி.மு. 3102 ஆம் ஆண்டு பெப்ருவரி 18 இல் தொடங்கிய கலியுகத்திலிருந்து கழிந்த நாட்களை எண்ணி, அதனை அகர்கணம் என்றனர். அவ்வெண்ணைக் கொண்டே கிரகங்களின் நிலையைக் கண்டனர். வாக்கியப் பஞ்சாங்கத்தின் வழி இன்னும் அழகானது. சந்திரனின் ஓட்டத்தை 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களாக அமைத்து மனனஞ் செய்தார்கள். நாளின் இலக்கத்தைக் கொடுத்தால் உரிய வாக்கியம் வரும். வாக்கியத்தின் எழுத்துகளே எண்களாகும். சென்னையில் 1825 ஆம் ஆண்டு வெளிவந்த "கால சங்கலித" என்னும் நூலிலே, ஜோன் வாரன் என்பார், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் காகிதமும் எழுதுகோலும் இன்றி, நிலத்திலே சோகிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததை வியந்து பதிவுசெய்திருக்கிறார். கொடுத்த எண்ணுக்கு என்றும் மாறாத விடை: சார்பு நெறி வேறென்ன?

வகைகள் காவற்காரர்

நாளுக்கு "டே" இருப்பதுபோலக் கணத்துக்கு "யூ.டி.சி. டைம்" என்று ஒரு வகை உண்டு. அது உலகப் பொது நேரத்தில் நிற்பது. ஒரு நாளும் அந்நாளின் மணி நிமிடமும் சேர்ந்து, ஊர் எது என்று சொல்லாமல் நிற்பது "லோக்கல் டைம்", அதாவது ஊர்நேரம். கணத்தைக் கேட்கும் சார்பிடம் ஊர்நேரத்தைக் கொடுத்தால், செய்நிரல் ஓடத் தொடங்குமுன்பே, மொழியைக் கணினிக்குப் பெயர்த்துத் தரும் தொகுப்பி, "இது அதுவன்று" என்று நிறுத்திவிடும். மாணவியை அலைக்கழிப்பது இந்தக் காவற்காரரே. இவரைப் பகைவராகக் கொள்ளவேண்டாம். அரிசி கேட்டவளுக்கு உப்பை அளந்து போடாத கடைக்காரர் போன்றவர் இவர்.

"இப்போது மணி என்ன?" என்ற வினாவை இம்மொழி எப்படி நடத்துகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. அவ்வினாவுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு விடை வரும். ஆகவே அது சார்பு ஆகாது. வெளியுலகைப் போய்ப் பார்த்துவரும் ஒரு செயல். அத்தகைய செயல்களைத் தனியே ஒரு வேலிக்குள் நிறுத்தி, கணிப்பவற்றோடு கலவாதபடி வைத்திருக்கிறார்கள். வயதைக் கணிக்கும் சார்பு தானாகப் போய் மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது. "இன்று" எது என்பதை அதற்கு நாமே கொடுக்கவேண்டும். கொடுத்தால், அதே சார்பைக் கொண்டு 1948 இல் ஒருவருக்கு வயது எத்தனை என்றும் கேட்கலாம். நெட்டாண்டின் பெப்ருவரி 29 இல் என்ன விடை வரும் என்று அந்த நாள் வரும்வரை காத்திராமலே சோதித்தறியலாம்.

எனினும் காவற்காரர் காக்காத வாயிலும் ஒன்றுண்டு. ஹஸ்கெலின் அடிப்படைத் தொகுதியில் "டைம் ஸோன்" என்ற பெயருடைய வகை இருக்கிறது. பெயரைக் கேட்டதும் அது ஓர் ஊரைக் குறிப்பதாக மாணவர் எண்ணிவிடுகின்றனர். அதற்குள் இருப்பது கிரீனிச்சிலிருந்து எத்தனை நிமிடம் என்ற ஓர் எண்ணும் ஒரு பெயரும், கோடைகாலத்து மாற்றமா என்ற ஒரு குறியும் மாத்திரமே. இலங்கைக்கு 330 நிமிடம் என்று எழுதிவைத்துவிட்டு 1998 ஆம் ஆண்டுப் பிறப்பைக் கணித்தால், தொகுப்பி முணுமுணுக்காது. விடை அரை மணித்தியாலம் பிழையாகவே வரும். அதுபோலவே இரண்டு ஊர்நேரங்களைக் கழித்துக்காட்டும் ஒரு சார்பும் புதிய பதிப்புகளில் உண்டு. அது முட்களின் இடைவெளியைச் சொல்லுமேயன்றி, இரட்டையரின் உண்மை இடைவெளியைச் சொல்லாது.

ஊரின் வரலாறு வேண்டுமானால் அட்டவணையை நாடவேண்டும். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்னும் அமெரிக்கர் 1980 களில் தொடங்கிய நேரவலயத் தரவுத்தளம், உலக நாடுகள் மணிக்கூட்டை எப்போது, எவ்வளவு மாற்றின என்பதையெல்லாம் தொகுத்து வைத்திருக்கிறது. அதிலே கண்டிக்குத் தனி வரி இல்லை. "ஆசியா/கொழும்பு" என்ற வரியே இலங்கை முழுவதற்கும் உரியது. நாம் மேலே சொன்ன 1942, 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் அவ்வரியில் உள்ளன. இந்த அட்டவணையை ஹஸ்கெலிற் பயன்படுத்துவதற்கான துணைத்தொகுதிகள் பல. அவற்றுள் "டி.ஸெட்." என்பதில், ஊர்நேரத்தைக் கணமாக மாற்றும் ஒரு சார்பு மூவகை விடை தரும்: அப்படியொரு கணம் இல்லை, ஒன்றே உண்டு, இரண்டு உண்டு. 1996 மே 25, 12.30 க்கு முதல் விடை. அவ்வாண்டு ஒக்டோபர் 26, 12.05 க்கு மூன்றாம் விடை. மூன்றையும் எதிர்கொள்ளும்படி செய்நிரல் எழுதுபவரை அச்சார்பு நினைவூட்டுகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத இந்த அடக்கம் மனிதருக்கும் நல்லதே.

விதியைக் கையிற் கொடுங்கள்

மாதக் கணக்கிலும் ஒரு சொல். சனவரி 31 க்கு ஒரு மாதம் கூட்டினால் எந்த நாள்? நகையை அடகு வைத்தவர் ஒன்று சொல்வார். வட்டிக்கடைக்காரர் ஒன்று சொல்வார். ஹஸ்கெல் இரண்டு சார்புகளைத் தந்து, வேண்டியதை நீயே தெரிந்துகொள் என்கிறது. ஒன்று பெப்ருவரியின் கடைசி நாளில் நிற்கும். மற்றது மிச்ச நாட்களை மார்ச்சுக்குள் தள்ளிவிடும். முதலாவதன்படி மாதத்தை ஒவ்வொன்றாக இரண்டுமுறை கூட்டினால், சாதாரண ஆண்டில் மார்ச் 28 வரும். இரண்டு மாதத்தை ஒரே தடவையிற் கூட்டினால் மார்ச் 31 வரும். தவணைப் பணம் கணிக்கும் செய்நிரல் எழுதுவோர் முதல் திகதியிலிருந்தே ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொள்வது நலம்.

விடுமுறையும் அவ்வாறே. ஞாயிறு என்றால் விடுமுறை என்று செய்நிரலுக்குள் ஆணியடித்துவிடும் மாணவர், 1966 முதல் 1971 வரை நம் நாட்டில் நடந்ததை வீட்டிலுள்ள பெரியோரைக் கேட்டறியட்டும். சந்திரனின் கால்வட்டங்களைத் தழுவிய போயா தினமும் அதன் முன்தினமும் அப்போது வாரவிடுமுறையாக இருந்தன. ஞாயிறு, ஞாயிறாகவே வந்தது. வேலை நாளாகவும் வந்தது. எனவே விடுமுறை விதியைச் சார்புக்குள் ஒளித்துவைக்காமல், ஒரு தரவாக அதன் கையிற் கொடுப்பதே முறை. மணிக்கூட்டு விதிக்கும் இதுவே நெறி. நாளைக்கு அரசாங்கம் விதியை மாற்றினால் அட்டவணை மாறும். நம் கணக்கு மாறவேண்டியதில்லை.

மாணவிக்கு விடை

நிற்க. சகோதரியின் கடிதத்துக்கு வருவோம். 1998 யூலை 10 காலை 6.15 என்பது ஊர்நேரம். "ஆசியா/கொழும்பு" அட்டவணையின்படி அன்று ஆறு மணி நேரம் வழங்கியது. ஆகவே கணம், உலகப் பொது நேரப்படி நள்ளிரவு கழிந்து 15 நிமிடம். ஐந்தரை மணி நேரப்படி காலை 5.45. யூலை மாதத்து அந்நாட்களிற் கண்டியிற் சூரியன் உதிப்பது அந்த நேரப்படி 6 மணிக்குச் சற்றே முன். பிள்ளை பிறந்தது உதயத்துக்கு முன். நம் பஞ்சாங்க மரபில் நாள் தொடங்குவது நள்ளிரவில் அன்று, உதயத்திலே. ஆகவே சாதகத்திற் கிழமை வியாழன். பிறப்புச் சான்றிதழில் வெள்ளி. இரண்டும் உண்மையே; இரண்டும் வெவ்வேறு வகை.

பெண் வீட்டாரின் செய்நிரல், கண்டிக்கு ஐந்தரை மணி நேரமே என்றும் உண்டென்று எண்ணி, 6.15 ஐ அப்படியே எடுத்துக்கொண்டது. உதயம் கழிந்துவிட்டதாகக் கருதி வெள்ளி என்றது. நவாம்சம் ஒன்று உதிக்க ஏறத்தாழ 13 நிமிடமே செல்லும். அரை மணித்தியாலம் பிசகினால் அதுவும் மாறாதா? குருக்கள் ஐயாவோ அந்த ஆண்டுகளில் வாழ்ந்தவர். மணிக்கூட்டில் அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டே கணித்திருக்கிறார். சாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கணக்கு என்று செய்தாற் சரியாகச் செய்யவேண்டும் அல்லவா?

1996 க்கும் 2006 க்கும் இடையிற் பிறந்தவர்களே இன்று பெண் கேட்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் பெறுகின்ற வயதினர். ஆகவே வீடுகளில் இதனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1996 மே 25 முதல் ஒக்டோபர் 26 வரை பிறந்தோருக்கு, ஐந்தரை மணி நேரமாக்க ஒரு மணித்தியாலம் கழிக்க. அதுமுதல் 2006 ஏப்ரில் 15 வரை பிறந்தோருக்கு அரை மணித்தியாலம் கழிக்க. ஆனால் ஒன்றைக் கேட்டறிந்த பின்பே கழிக்க. போர் நடந்த அக்காலத்தில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் அரசாங்கத்தின் மாற்றம் ஏற்கப்படாமற் பழைய நேரமே வழங்கிற்று. அங்கே பிறந்த பிள்ளைக்குக் கழித்தாற் பிழையாகும். எந்த அட்டவணையும் இதனைச் சொல்லாது. பிள்ளையைப் பெற்ற அம்மாவைத்தான் கேட்கவேண்டும்: "அன்றைக்கு எங்களூர் மணிக்கூடு எந்த நேரம், அம்மா?"

மாணவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. நடந்து முடிந்த ஒரு சம்பவத்தைப் பதிவுசெய்யும்போது, முட்கள் காட்டிய இலக்கத்தை மட்டும் எழுதி அமையாதீர்கள். ஊரையும் எழுதுங்கள், அவ்வூர் அன்று கைக்கொண்ட நேரத்தையும் எழுதுங்கள். கணத்தைக் கணமாகவும், நாளை நாளாகவும், ஊர்நேரத்தை ஊர்நேரமாகவும் வையுங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றவேண்டின், மாற்றும் விதி எது என்று வாய்திறந்து சொல்லுங்கள்.

மணிக்கூடு பொய் சொல்வதில்லை. எந்த ஊர், எந்தச் சட்டம் என்று கேளாமல் அதன் சொல்லை எடுத்துச் செல்பவரே அதனைப் பொய்யாக்குகின்றனர். சகோதரி தம் செய்நிரலை எழுதி முடிக்கட்டும். அதற்கு முன்னதாக இந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பெண் வீட்டாருக்கு அனுப்பிவைத்தாலும் குற்றமில்லை. கலியாணச் செய்தி வந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. முகூர்த்த நேரத்தை எழுதும்போது மட்டும், எந்த ஊர் நேரம் என்று மறவாமற் குறிப்பிடுவாராக!